படுத்தபடி முடித்த பாடப்புத்தகம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெரும்புள்ளி என்று பெயர். பணமோ பதவியோ வாங்கித் தந்த பெயர் இல்லை. அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஏதாவது ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போயிருக்கும். நாலு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் அது அவள் கண்ணில்தான் முதலில் படும். "வந்துட்டாங்கப்பா பெரும்புள்ளி, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று பக்கத்து மேசைக்காரர் விளையாட்டாகத் தொடங்கி வைத்தார். அவள் வேலையை வீட்டுக்கு மாற்றிக்கொண்ட பிறகும் பெயர் மாறவில்லை. போதாக்குறைக்கு வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவன் காதிலும் அது ஒருநாள் விழுந்துவிட்டது. அதிலிருந்து வீட்டுக்குள்ளும் அதே பெயர்தான்.

பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. எழுத்து ஒரு பக்கமிருந்து வரும், படம் ஒரு பக்கமிருந்து வரும். எந்தப் படம் எந்த வரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், கேள்விகள் அடுத்த பக்கத்துக்கு வழியாமல் எப்படி அடக்குவது என்பதெல்லாம் அவள் பாடு. வீட்டின் முன்னறையில், ஜன்னலை ஒட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டர். இரண்டு முறை வைரஸ் வந்து அது படுத்துவிட்டபோது, கூட வேலை பார்த்த ஒருவர் அதில் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. பிறகு கை பழகிவிட்டது. இப்போது வேறு கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்னால்தான், அடுத்த வீட்டுச் சமையலறையில் உப்பு தேடுவதுபோலத் தடுமாறுவாள்.

அந்த வருடம்தான் முதல் தடவையாக ஒரு முழுப் புத்தகத்தை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறிவியல். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை அவள் பொறுப்பு. பாதி முடிந்திருந்தது.

அப்போதுதான் விழுந்தாள். மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கும்போது போர்வையின் முனை காலில் சிக்கியது. கடைசிச் சில படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த கணவனிடம், "ஒண்ணுமில்ல, துணியெல்லாம் அழுக்காகல" என்று சொன்னாளாம். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் ஒன்றுமில்லாமல் இல்லை என்று தெரிந்தது.

இடுப்புக்குச் சற்று மேலே ஒரு எலும்பில் விரிசல். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அறுவை சிகிச்சை தேவைப்படாது, தானாகக் கூடிவிடும், ஆனால் அது கூடும்படி விட வேண்டும் என்றார். "படுக்கலாம். ஒருக்களிச்சுப் படுக்கலாம். உக்காரக் கூடாது. தலையணையை அடுக்கி வச்சுச் சாயறதும் கூடாது. ஆறு வாரம்."

ஆறு வாரம் என்றதும் அவள் எலும்பை நினைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பை நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். நல்ல கட்டில், நல்ல மின்விசிறி, பார்ப்பதற்குக் கூரையைத் தவிர எதுவுமில்லை. மறுநாளே பதிப்பாசிரியர் கூப்பிட்டார். நல்ல மனுஷி, குரலில் உண்மையான கவலை இருந்தது.

"நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க. புத்தகத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. வேற ஒருத்தரை ஏற்பாடு பண்ணிட்டோம். இதுவரைக்கும் முடிச்ச ஃபைலை மட்டும் இந்த வாரத்துக்குள்ள அனுப்பிடுங்க, போதும்."

"சரிங்க மேடம்" என்றாள். போனை வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கணவன் தேநீர் கொண்டு வந்து வைத்தான். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போனான்.

கொடுத்துவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டாலும், கொடுப்பதற்கும் வழி இல்லை. ஃபைல் முன்னறையில் இருக்கிறது, அவள் உள்ளறையில் இருக்கிறாள். படங்கள் ஒரு இடத்தில், எழுத்துருக்கள் ஒரு இடத்தில், பக்கங்கள் ஒரு இடத்தில். அத்தனையையும் ஒன்றாகக் கட்டி அனுப்பக் கணவனுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட அவனிடம் வெல்டிங் கற்றுக்கொள்வது சுலபம். மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார்கள். திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கினாலே முதுகில் மின்னல் வெட்டியது. அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கையில் மிச்சமிருந்தது போன் ஒன்றுதான். அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் கண்ணில் பட்டது: லினக்ஸ் கம்ப்யூட்டரின் திரையை அப்படியே போனில் வரவழைக்கலாம். இங்கே விரலை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வசதியைத் திறந்து வைத்தால் போதும்.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். விழுந்த நாளிலிருந்து அந்தக் குரல் வீட்டில் கேட்டிருக்கவில்லை. கணவன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தான்.

"முன்னறைக்குப் போங்க. நான் இங்கேருந்து சொல்லச் சொல்ல நீங்க செய்யணும்."

"நானா? அந்தப் பொட்டியிலயா?" இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டு போனான்.

நடுவில் ஒரு சுவர். அவள் கத்த, அவன் கத்த, தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

"மவுஸை லேசா அசைங்க!"

"அசைச்சாச்சு! ஏதோ செடி தெரியுது!"

விழுந்த அன்று அவள் விட்ட பக்கம். திரை மட்டும் அணைந்திருந்ததே தவிர, கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தவில்லை. "நல்லதாப் போச்சு! மேல வலது மூலையில கிளிக் பண்ணுங்க!"

"உன் வலதா, என் வலதா?"

"நமக்கு எப்பங்க வேற வேற வலது இருந்துச்சு? உங்க சோத்துக் கைப் பக்கம்! அங்க பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும்!"

"இருக்கு! ஆனா இந்தப் பல்சக்கரம் சுத்தாது. பல்லெல்லாம் மொட்டையா இருக்கு!"

"அது சுத்த வேணாம், தொறந்தாப் போதும்!"

இப்படியே பட்டியலில் இறங்கி, திரைப் பகிர்வு என்ற இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் திறந்து, அதற்கென்று தனியாக ஒரு கடவுச்சொல்லும் கொடுத்தாயிற்று. கடைசியில் கம்ப்யூட்டரின் முகவரி வேண்டும்.

"நாலு நம்பர் இருக்கு. நடுநடுவுல புள்ளி. புள்ளியையும் சொல்லணுமா?"

"புள்ளியை விட்டா நான் விடுவேனா?"

அவன் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்து நீட்டினான். அவள் போனில் அடித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, இணைக்க முடியவில்லை என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதேதான். நம்பர் சரி, புள்ளி சரி, கடவுச்சொல் சரி. ஐந்தாவது தடவை அவள் போனை மெத்தைமேல் போட்டுவிட்டாள்.

"விடுங்க. எனக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

கணவன் போனை எடுத்துப் பார்த்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் மாதா மாதம் இருபதாம் தேதிக்குள் போனில் டேட்டாவைத் தீர்த்துவிட்டு வீட்டு வைஃபைக்கு ஓடி வருகிற ஆள். "ஏம்மா, உன் போன்ல வைஃபை ஆன்லயே இல்லையே? வெளிலேருந்து கூப்பிட்டா உள்ள இருக்கறவனுக்கு எப்படிக் கேக்கும்?"

மருத்துவமனையில் அணைத்துவைத்தது. அதை ஆன் செய்துவிட்டு மறுபடி தொட்டாள். வட்டம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியது. திரை கறுத்தது, வெளுத்தது. பிறகு உள்ளங்கை அகலத்தில் அவளுடைய கம்ப்யூட்டர் வந்து நின்றது. இடது ஓரத்தில் அவள் வரிசைப்படுத்தி வைத்த படங்கள், நடுவில் அவள் விட்ட இடம், 'விதை முளைத்தல்'.

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சிக்கொண்டாள். கணவன், "சரி, நான் பட்டறைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் போகாமல் நின்றான்.

முதலில் கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிவிடாதபடி மாற்றி வைத்தாள். அடுத்து ஃபைலைக் கட்டி அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் போனாள். போகிற வழியில், முளைவிட்ட விதையின் படம் ஒரு வரிமேல் லேசாக ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டாள். அப்படியே எப்படி இன்னொருவரிடம் கொடுப்பது? இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு விரலால் படத்தைத் தள்ளினாள். தாண்டிப் போய்விட்டது. திரும்ப இழுத்தாள். நாலாவது தள்ளலில் சரியாக உட்கார்ந்தது. சரி, இந்தப் பக்கத்துக் கேள்விகளையும் முடித்துவிட்டால் நன்றாக இருக்குமே. முடித்தாள். அடுத்த பக்கத்தில் வேர் படம் ஒன்று அநாதையாக நின்றது. அதற்கும் ஒரு இடம் பார்த்துக் கொடுத்தாள்.

மாலையில் பதிப்பாசிரியரைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஃபைல் அனுப்பல."

"பரவாயில்ல, மெதுவா அனுப்புங்க."

"இல்ல மேடம். அனுப்பற மாதிரி இல்ல. நானே முடிச்சுக் குடுத்துடறேன்."

"நீங்க படுத்துட்டில்ல இருக்கீங்க?"

"படுத்துட்டுத்தான் மேடம் மூணு பக்கம் முடிச்சேன். போன்லேருந்து."

"அந்த மூணு பக்கத்தை அனுப்புங்க, பாக்கறேன்" என்றார். பார்த்துவிட்டு மறுநாள் காலை ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: வேறு ஆளை வேண்டாமென்று சொல்லிவிட்டேன், உங்கள் மருத்துவர் சம்மதித்தால் தொடருங்கள். மருத்துவர், "முதுகு அசையாம விரலை மட்டும் அசைச்சா எனக்கென்ன" என்றார்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. முன்னறையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம் இங்கே அரை நாள் இழுத்தது. கை கடுத்தது. ஒருநாள் கண் சொருகியபோது போன் நேராக மூக்கின்மேல் விழுந்தது. மூக்கு சிவந்திருப்பதைப் பார்த்த கணவன் காரணம் கேட்டுக்கொண்டான். அடுத்த நாள் பட்டறையிலிருந்து ஒரு இரும்புக் கையோடு வந்தான். ஒரு முனை கட்டில் சட்டத்தைக் கவ்விப் பிடித்தது, மறுமுனையில் போனுக்கு ஒரு தொட்டில். மூன்று இடத்தில் மடங்கும், வேண்டிய உயரத்தில் நிற்கும். மூலைகளையெல்லாம் மழமழவென்று தேய்த்திருந்தான். "யானையைக் கட்டினாலும் தாங்கும்" என்றான். போனைக் கட்டினார்கள்.

இரண்டாவது வாரம் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவனின் அக்கா. தம்பி பட்டறைக்கும் அடுப்படிக்கும் அல்லாடுவதைக் கேள்விப்பட்டு, தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர். நல்லவர்தான். ஆனால் போன வருடம் பத்து நாளென்று வந்து இரண்டு மாதம் தங்கியபோது சமையலறை அலமாரியை மூன்று தடவை மாற்றி அடுக்கினார். அவர் கிளம்பிப் போக மாட்டாரா என்று அவள் ஏங்கியதும், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் புழுங்கியதும் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவையும் வந்ததும் வராததுமாக, "எப்பப் பாத்தாலும் அந்தப் பொட்டி முன்னாடியே உக்காந்தா எலும்பு என்ன ஆகும்? மக்கித்தான் போகும்" என்றார். படியில் விழுந்ததற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை என்று அவள் சொல்லவில்லை. அவர் சமைத்துப் போடுகிறார், கை பிடித்துத் திருப்பிப் படுக்க வைக்கிறார். வாயைத் திறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டாள். போன் பார்க்கிறாள் என்றுதான் நாத்தனாரும் நினைத்தார். முன்னறைக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் உள்ள தொடர்பை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அன்று மதியத்துக்குள் நீர் சுழற்சிப் பாடம் போக வேண்டும். அலுவலகத்தில் படம் வரைபவர் அதற்காகக் காத்திருந்தார். அவள் மும்முரமாக வரிகளைச் சரிசெய்து கொண்டிருந்தபோது திரை உறைந்தது. பிறகு, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது. முன்னறையில் ஏதோ உருண்ட சத்தம்.

"அண்ணி! அங்க என்ன ஆச்சு?"

"ஒண்ணும் பயப்படாதே, நான் பிடுங்கிட்டேன்!"

"எதைப் பிடுங்கினீங்க?"

"கரண்ட்டை!" நாத்தனார் கையில் துடைப்பத்துடன் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "பெருக்கலாம்னு போறேன், அந்தப் பொட்டில அம்பு தானா ஓடுது. ஆளில்ல, பேரில்ல, எழுத்து தானா விழுது. எவனோ உள்ள பூந்துட்டான். டிவில சொன்னாங்களே, எங்கேயோ இருந்துக்கிட்டு எல்லாத்தையும் உருவிடறான்னு. விடுவேனா நான்?"

"அண்ணி... அது நான்தான்."

"நீயா? நீ இங்கதானே படுத்துக் கிடக்கற?"

அவள் போனைத் திருப்பிக் காட்டி விளக்கினாள். நாத்தனார் போனைப் பார்த்தார், முன்னறையைப் பார்த்தார். துடைப்பத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அது நியாயம்தான்.

கணவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பட்டறையில் முகக்கவசம் மாட்டி நெருப்பைப் பிடித்துவிட்டால் போன் அடிப்பது அவனுக்குக் கேட்காது. பதிப்பாசிரியரிடமிருந்து, வந்துவிடுமா என்று செய்தி வந்தது. இனி ஒரே வழி, நாத்தனார்தான் கம்ப்யூட்டரைத் திரும்ப ஆன் செய்து உள்ளே நுழைய வேண்டும். அதற்குக் கடவுச்சொல் அடிக்க வேண்டும். திரைப் பகிர்வுக்கு வைத்தது அல்ல, கம்ப்யூட்டருக்கே உரிய பழைய கடவுச்சொல். அது என்னவென்று நினைவு வந்ததும் படுத்திருந்தவளுக்கு மேலும் படுத்துவிடலாம் போலிருந்தது.

"ப்ளக்கை மாட்டிட்டேன், பட்டனை அமுக்கிட்டேன். ஏதோ கட்டம் வந்திருக்கு!" நாத்தனாரின் குரலில் செய்த தப்பைச் சரிசெய்துவிடும் வேகம். "பஸ் போர்டு படிக்கற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். சொல்லு!"

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். தமிழ்ச் சொற்கள்தான், ஆங்கில எழுத்தில்.

"ஏ... என்... இன்னொரு என்... ஐ..."

"அடிச்சா எழுத்தே வரல, புள்ளி புள்ளியா விழுது!"

"அப்படித்தான் அண்ணி விழும்."

"ஏ, என், என், ஐ..." நாத்தனார் கூட்டிப் படித்தார். குரல் குழைந்தது. "அண்ணி! ஏம்மா, என் பேரையா வச்சிருக்க?"

அவள் "கே... ஐ... எல்..." என்று அடுத்ததைச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னறையிலிருந்து ஒரு தட்டல் சத்தம். பாதிக்குமேல் நாத்தனார் திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டார். கடைசி எழுத்தும் போயிற்று. கம்ப்யூட்டர் திறந்துகொண்ட மணியோசை மட்டும் கேட்டது.

நாத்தனார் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"'அண்ணி கிளம்பியாச்சு'" என்றார். "போன வருஷம் நான் போன அன்னிக்கு வச்சதா?"

"ஆமா அண்ணி." எழுந்து ஓட முடியாதவர்களுக்குப் பொய் சொல்லவும் தெம்பு இருப்பதில்லை.

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் கலங்கிப் பார்த்தால், சிரிப்பு.

"அன்னிக்கு பஸ்ல ஜன்னலோர சீட் கிடைச்சுது. செருப்பைக் கழட்டிட்டுக் காலை நீட்டி உக்காந்தேன். அப்பாடா, தம்பி பொண்டாட்டி மூஞ்சியை இனிப் பாக்க வேணாம்னு. ரெண்டு மாசமா நீ 'வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி'ங்கறதைத் தவிர ஒரு வார்த்தை பேசல. அலமாரியை மாத்தி வச்சா சண்டையாவது போடுவேன்னு பாத்தேன். அதுவும் இல்ல."

"அதுக்கா மூணு தடவை மாத்தினீங்க?"

"பின்ன? எனக்கென்ன வேண்டுதலா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நேராக எலும்பில் போய் இடித்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க அண்ணி, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாத்தனார் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அசையாதே, அசையாதே" என்று அதட்டிக்கொண்டே தானும் சிரித்தார். ஒரு வருடத்துப் புழுக்கம் அந்த ஐந்து நிமிடத்தில் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

போனில் மறுபடி இணைத்துப் பார்த்தாள். பாடம் பத்திரமாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்ளும்படி வைத்திருந்ததால் இரண்டு பத்திகள் மட்டும் காணாமல் போயிருந்தன. திரும்ப அடித்து, மதியத்துக்குள் அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாத்தனாருக்கு முன்னறைதான் இருப்பிடம். காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் கம்ப்யூட்டர் எதிரில். இவள் உள்ளே விரலை நகர்த்த, அங்கே மேகம் ஏறும், மழை இறங்கும், தவளைக்கு வால் போய்க் கால் முளைக்கும். "டிவியை விட இது நல்லாருக்கு" என்றார். யோசனைகளும் வரும். "அந்தத் தவளையை இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு, தலை இடிக்குது!" போனின் சின்னத் திரையில் அவளுக்குத் தெரியாமல் போனது பெரிய திரையில் அவருக்குத் தெரிந்தது. இறக்கிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு பகல்பொழுதில், கடைசிப் பக்கத்தை அனுப்பினாள். பதிப்பாசிரியர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஒரு புள்ளி விடலயே நீங்க" என்றார். போனை அணைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். கணவன் சாப்பாட்டுக்கு வந்தபோது அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போனவனை நாத்தனார் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

ஆறு வாரம் முடிந்து எடுத்த படத்தில் எலும்பு கூடியிருந்தது. மருத்துவர் விரிசலைத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்க இருந்துச்சுன்னு நானே தேட வேண்டியிருக்கு. இன்னிக்குப் பத்து நிமிஷம் உக்காருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவனும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, இடுப்பில் பட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பாதம் இரண்டும் தரையில் பதிந்தபோது குளிர்ந்தது. கூரையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நாற்காலி, கதவு, காலண்டர் எல்லாம் யாரோ புதிதாகக் கொண்டு வந்து வைத்ததுபோல நேராக நின்றன. முன்னறைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

"காபி வேணும்" என்றாள்.

இத்தனை நாளும் குழாய் வைத்து, ஒருக்களித்து, பாதி தலையணைக்கும் பாதி தொண்டைக்குமாகக் குடித்த காபி. நாத்தனார் டம்ளர் நிறைய ஆற்றிக் கொண்டு வந்து கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அடிவரை குடித்தாள்.